மூன்று மீட்டர், இரண்டு குடும்பம்: புரூக்ளினில் பழைய வீட்டைப் புதுப்பிக்க எந்த வழி?

வீடு பார்க்கப் போன அன்று என் மனைவி மாடிப்படியின் கைப்பிடிக் கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நிலவறையில் கைப்பேசி வெளிச்சத்தில் கேஸ் மீட்டரை எண்ணிக்கொண்டிருந்தேன். சொந்தப் புத்தியில்லை. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வீடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட நண்பன் ஒருவன், "போனதும் முதல்ல மீட்டரை எண்ணுடா, வாசல்ல பெல்லை எண்ணு, அப்புறமா சமையலறை எவ்வளவு பெருசுன்னு பாரு" என்று சொல்லி அனுப்பியிருந்தான். மீட்டர் மூன்று. பெல்லும் மூன்று, அதில் ஒன்றின் மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். விளம்பரத்தில் இருந்ததோ 'இரண்டு குடும்ப வீடு'. அந்த மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் எங்களுக்கு அடுத்த ஒரு வருடத்துக்கும் மேல் போனது.

அதே நகரின் புரூக்ளினில், நாங்கள் வாங்கிய பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் பக்கம் இது சகஜம். தெரு முழுக்கச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நூறு, நூற்றிருபது வருட வீடுகள், நம் ஊர்ப் பழைய தெரு வீடுகள் மாதிரியே பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், முகப்பு பதினெட்டோ இருபதோ அடிதான் இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். ஒரு குடும்பத்துக்கென்று கட்டியதைப் பணமுடை வந்தபோது அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, பிறகு மாடிக்கொரு குடும்பமாக்கி, பிறகு மறுபடியும் சேர்த்து, இப்படி ஒவ்வொரு தலைமுறையும் உள்ளே கை வைத்திருக்கும். முகப்பு மட்டும் மாறாது. பல வீடுகளில் காகிதமும் மாறியிருக்காது, அங்கேதான் சிக்கல்.

ஊரில் வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார். அதே பழக்கத்தில் இங்கே டைட்டில் கம்பெனி 'பிரச்சினை இல்லை' என்றதும் நாமும் தூங்கிவிடுகிறோம். வீடு யாருடையது என்பதற்குத்தான் அந்த நிம்மதி. அதில் எத்தனை குடும்பம் அடுப்பு மூட்டலாம் என்பது வேறு கணக்கு, அதைச் சொல்லும் தாளுக்கு 'சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபன்சி' என்று பெயர். பேச்சில் சி ஆஃப் ஓ. குடியிருப்புச் சான்று என்று வைத்துக்கொள்வோம். எந்த மாடியில் என்ன பயன்பாடு, எத்தனை குடும்பம் என்று அதில் இருக்கும். நியூயார்க் நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் காசில்லாமல் பார்க்கலாம்.

1938-க்கு முன் கட்டிய வீட்டுக்கு இந்தச் சான்று இல்லாமலே இருக்கலாம். அதற்குப் பிறகு பயன்பாடு, வெளியேறும் வழி, குடியிருப்பு வகை எதையும் மாற்றவில்லை என்றால் சான்று கட்டாயமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கி ஆதாரம் கேட்டால், கட்டடத் துறையிடம் 'லெட்டர் ஆஃப் நோ அப்ஜெக்‌ஷன்' கேட்டு வாங்கலாம், அதாவது இந்த வீட்டை இப்படிப் பயன்படுத்துவதில் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். பழைய காலத்தில் பல குடும்பங்கள் இருந்த வீடு என்றால் வீட்டுவசதித் துறையில் 'ஐ-கார்டு' என்று ஒன்று இருக்கும், அந்தக் காலத்து ஆய்வாளர் மாடி மாடியாக ஏறி எத்தனை அறை, எத்தனை குடும்பம் என்று எழுதி வைத்த அட்டை. சான்று இல்லாத வீட்டுக்கு இந்த அட்டைதான் பல சமயம் சாட்சி சொல்லும்.

எங்கள் வீட்டுக்கு 1950-களில் தந்த சி ஆஃப் ஓ இருந்தது. தட்டச்சில் அடித்தது, ஸ்கேனில் பாதி எழுத்து கரைந்துபோயிருந்தது, ஆனால் வேண்டிய வரிகள் தெரிந்தன: செல்லர் பாய்லருக்கும் பொருள் வைக்கவும், பேஸ்மென்டில் ஒரு குடும்பம், மேலே உள்ள இரண்டு மாடியும் சேர்ந்து ஒரு குடும்பம். ஆக, உச்சி மாடியில் இருந்த அந்தச் சின்னச் சமையலறை யாரோ நடுவில் செருகியது.

இங்கே ஒரு வார்த்தை. செல்லர், பேஸ்மென்ட் இரண்டையும் நாம் கீழ்த்தளம் என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், நகரச் சட்டம் அப்படிச் சொல்லாது. உயரத்தில் பாதியாவது தெருமட்டத்துக்கு மேலே இருந்தால் பேஸ்மென்ட், பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிருந்தால் செல்லர். முந்தையதில் காற்று, வெளிச்சம், வாசல் எல்லாம் சரியாக இருந்தால் ஆள் குடியிருக்கலாம். செல்லரைப் பொதுவாக வாடகைக்கு விட முடியாது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மிச்ச மழை கொட்டியபோது நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் இப்படிக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள். தரகர் 'ஃபினிஷ்ட் செல்லர், எக்ஸ்ட்ரா இன்கம்' என்று இழுத்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். எங்கள் முன்னால் நான்கு இருந்தன: யாரிடமும் சொல்லாமல் இடித்துக் கட்டுவது, பெயின்ட் அளவில் நிறுத்திக்கொள்வது, காகிதத்தில் உள்ளபடி இரண்டு குடும்ப வீடாகவே முறையான அனுமதியோடு புதுப்பிப்பது, மூன்றாவது குடும்பத்தையும் சட்டப்படி ஆக்கிப் புதுச் சான்று வாங்குவது.

சொல்லாமல் செய்வது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நாங்கள் கூப்பிட்ட முதல் கான்ட்ராக்டர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அனுமதியெல்லாம் எதற்கு, வேலை உள்ளேதானே, தெருவில் போகிறவனுக்கு என்ன தெரியும், அந்தக் காசில் இரண்டு குளியலறைக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்றார். கேட்க இனிக்கத்தான் செய்தது. குயின்ஸ் நண்பன் கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான்: பக்கத்து வீட்டுக்காரர் தூசி தாங்காமல் நகரப் புகார் எண்ணான 311-க்குப் போன் போட்டார், ஆய்வாளர் வந்தார், வேலையை நிறுத்தச் சொல்லிக் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார். பாதி இடித்த சமையலறை, ஒரு மின் அடுப்பு, கைக்குழந்தை, நான்கு மாதம்.

அபராதக் கணக்கு இது. அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு, ஒன்று அல்லது இரண்டு குடும்ப வீடானால் அனுமதிக் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு, குறைந்தது 600 டாலர், அதிகம் போனால் 10,000. அதைவிடப் பெரிய கட்டடமானால் 21 மடங்கு, 6,000 முதல் 15,000 வரை. இதைக் கட்டி முடித்தால்தான் அனுமதியே கிடைக்கும், விதிமீறல் வழக்குக்கான அபராதம் தனி. ஆனால் நண்பனைக் கேட்டால் அபராதத்தைப் பற்றிப் பேசவே மாட்டான், பூசி முடித்த சுவரை மறுபடி உடைத்து உள்ளே போன குழாயையும் வயரையும் காட்ட வேண்டிவந்ததைத்தான் சொல்வான். கட்டின காசு ஒரு முறை, உடைத்த காசு ஒரு முறை, திரும்பக் கட்டின காசு ஒரு முறை. மாட்டாமலே தப்பித்தவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்கும் விற்கும்போது வாங்குகிறவனின் வக்கீல் வருவார்.

பெயின்ட் அளவில்

நிஜமாகவே அனுமதி தேவைப்படாத வேலைகள் உண்டு, நிறையப் பேருக்கு அது தெரிவதில்லை. பெயின்ட், பூச்சு, சமையலறையில் புது அலமாரிகள், தரைப்பலகையை இழைத்து மெருகேற்றுவது, பழைய குழாய், பேசினை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிது வைப்பது, கட்டமைப்பைத் தொடாத கூரைப் பழுது இவற்றுக்கெல்லாம் கட்டடத் துறையிடம் போக வேண்டாம். மின்வயரைத் தொட்டாலோ சிங்க்கை அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு மாற்றினாலோ கதை மாறும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் தங்கள் பெயரில் அனுமதி எடுக்க வேண்டும்.

வீடு நல்ல நிலையில், காகிதமும் நடப்பும் ஒன்றாக இருந்தால் இதையே செய்யுங்கள், இரண்டு வருடம் குடியிருந்து பார்த்த பிறகுதான் எந்தச் சுவர் உறுத்துகிறது என்றே தெரியும். எங்களுக்கு இது பொருந்தவில்லை, காரணம் அந்த உச்சி மாடிச் சமையலறை. பெயின்ட் அடித்து மூன்று குடும்பமாகவே வாடகைக்கு விடலாமே என்று ஒரு நாள் சாயங்காலம் நானே கணக்குப் போட்டேன், மாதம் 2,400 டாலர் வரும் போலிருந்தது. வக்கீல் ஒரே நிமிடத்தில் அதைக் கிழித்துப் போட்டார். மூன்று குடும்பம் இருந்தால் அது மாநிலச் சட்டத்தின் கண்ணில் 'மல்டிபிள் டுவெல்லிங்', அதாவது பல குடும்பக் கட்டடம். அதற்குரிய சான்று இல்லாமல் குடிவைத்தால், அந்தக் காலத்துக்கான வாடகையை உரிமையாளர் வழக்குப் போட்டு வாங்க முடியாது, வாடகை தரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் காலி செய்யவும் வைக்க முடியாது, அந்தச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு அப்படி. வாடகைக்காரருக்கு இது தெரியாதவரைக்கும்தான் உங்களுக்கு 2,400.

மூன்றாவது குடும்பத்துக்குப் புதுச் சான்று

இந்த வழியில்தான் எனக்கு ஆசை. பயன்பாடு, வெளியேறும் வழி, குடியிருப்பு இவற்றில் எதையாவது மாற்றினால் விண்ணப்பமே வேறு வகை. பழைய ஆட்கள் 'ஆல்ட்-1' என்பார்கள், இப்போதைய இணையத் தளத்தில் அதற்கு 'ஆல்ட்ரேஷன்-சி.ஓ.' என்று பெயர், கடைசியில் புது சி ஆஃப் ஓ வாங்கியே தீர வேண்டும். மாற்றாமல் செய்யும் வேலை 'ஆல்ட்-2'. ஆர்க்கிடெக்டுகள் இன்றும் இந்தப் பழைய பெயர்களில்தான் பேசுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

காசில் ஆரம்பிக்கலாம். எங்கள் ஆர்க்கிடெக்ட் ஆல்ட்-1-க்குக் கேட்ட கட்டணம் ஆல்ட்-2-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அது பரவாயில்லை, 2,400 டாலர் வாடகையில் அடைத்துவிடலாம். அப்புறம் அவர் ஒரு பட்டியலை வைத்தார்: மூன்று குடும்பமானால் பொதுப் படிக்கட்டைச் சுற்றித் தீ தாங்கும் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவுகள், இரண்டாவது வெளியேறும் வழி, அநேகமாக தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், ஸ்பிரிங்க்ளர் என்றால் தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயையே பெரிதாக்க வேண்டிவரலாம். பட்டியலின் முதல் வரியிலேயே என் மனைவி நிறுத்தினாள். படிக்கட்டைச் சுற்றிச் சுவர் என்றால் அந்தக் கைப்பிடி? "அது பெட்டிக்குள்ள போயிடும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வால்நட் மரம், நூறு வருடம் கை பட்டுப் பட்டு வழவழத்துப் போனது, கீழே முடிகிற இடத்தில் சுருள் வைத்திருக்கும். நான் வாடகைக் கணக்கில் அதைப் பார்க்கவே இல்லை.

இரண்டு குடும்ப வீட்டில் மேல் இரண்டு மாடியும் ஒரே குடும்பத்துக்குள் அடக்கம், அதனால் அந்தப் படி அவர்களுடைய சொந்தப் படி, திறந்தே இருக்கலாம்.

கைப்பிடி இல்லாவிட்டாலும் எங்களை யோசிக்க வைத்திருக்கும் விஷயம் இன்னொன்று இருந்தது, இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. புது சி ஆஃப் ஓ கேட்டுப் போனால், அந்த முகவரியின் மேல் திறந்து கிடக்கும் பழைய விண்ணப்பங்கள், தீராத விதிமீறல்கள் எல்லாம் முதலில் மூட வேண்டும். கட்டடத் துறை இணையதளத்தில் எங்கள் முகவரியின் கீழ் 1990-களில் யாரோ பாய்லர் மாற்ற எடுத்த அனுமதி ஒன்று, வேலை முடிந்து கடைசிக் கையெழுத்து வாங்காமல் அப்படியே கிடந்தது. அந்த பாய்லரே இப்போது வீட்டில் இல்லை. அந்த பிளம்பர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. ஆனால் நீங்கள் புதுச் சான்று கேட்ட நாளிலிருந்து அது உங்கள் தலைவலி. ஆல்ட்-2-வில் உங்கள் வேலைக்கு நீங்கள் பதில் சொன்னால் போதும், ஆல்ட்-1-இல் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் விட்டுப்போன பாக்கியையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

அதனால்தான் இங்கே பலர் தாற்காலிகச் சான்றோடு காலம் தள்ளுகிறார்கள். வேலை பெரும்பாலும் முடிந்து குடியிருக்கப் பாதுகாப்பாக இருந்தால் டி.சி.ஓ. என்று ஒன்று தருவார்கள், வழக்கமாக 90 நாள் செல்லும். புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் காலாவதியானால் காப்பீடு, மறுகடன், விற்பனை மூன்றிலும் இடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பால்கார்டு புதுப்பிக்கிற மாதிரி வீட்டையே புதுப்பிப்பது எனக்குச் சரிப்படாது.

இன்னும் சில சில்லறை வித்தியாசங்கள். மூன்று குடும்பமானால் வருடா வருடம் வீட்டுவசதித் துறையில் பதிய வேண்டும். இரண்டு குடும்ப வீட்டில் நீங்களே குடியிருந்தால் அது வேண்டாம். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் குழாய்களைச் சோதிக்கச் சொல்லும் 2016-இன் 152-ஆம் உள்ளூர்ச் சட்டம் ஒன்று, இரண்டு குடும்ப வீடுகளுக்கு இல்லை, மூன்றுக்கு உண்டு. சொத்துவரியில் மட்டும் வித்தியாசமில்லை, மூன்று குடும்பம் வரைக்கும் ஒரே முதல் வகுப்புதான், நான்காவது வந்தால்தான் இரண்டாம் வகுப்புக்குப் போகும். முதல் வகுப்பில் மதிப்பீடு வருடத்துக்கு 6 சதவீதம், ஐந்து வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு இருக்கிறது, ஆனால் புதிதாகக் கட்டிச் சேர்த்ததால் ஏறும் மதிப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது. எந்த அனுமதி வழியில் போனாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஆல்ட்-1 சரி? மூன்றாவது வாடகை இல்லாமல் கடன் தவணையே கட்ட முடியாது என்பவருக்கு. எப்படியும் வீட்டை எலும்பு வரைக்கும் இடித்துப் பின்பக்கம் நீட்டிக் கட்டப் போகிறவருக்கு, இவர்களுக்குக் கைப்பிடியும் மிஞ்சப் போவதில்லை. வேறு வழியே இல்லாதவர்களும் உண்டு: காகிதத்தில் அறை வாடகை விடுதியாக, இங்கே 'எஸ்.ஆர்.ஓ.' என்பார்கள், இன்னும் அப்படியே பதிவாகியிருக்கும் வீட்டை வாங்கியவர்கள். அதில் கூடுதலாக, பழைய குடியிருப்போரைத் தொல்லை கொடுத்து விரட்டவில்லை என்று வீட்டுவசதித் துறையிடம் ஒரு சான்றும் வாங்க வேண்டும், நீங்கள் வாங்குவதற்கு முன்னால் நடந்ததையும் விசாரிப்பார்கள். விலை மலிவாக இருக்கும் பழைய வீட்டின் காகிதத்தில் இந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

2024 டிசம்பரில் நகர மன்றம் நிறைவேற்றிய 'சிட்டி ஆஃப் யெஸ்' என்ற விதி மாற்றங்களில், ஒரு குடும்ப வீட்டிலும் இரண்டு குடும்ப வீட்டிலும் துணைக் குடியிருப்பு ஒன்று சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். வெள்ள அபாயப் பகுதியில் கீழ்த்தளத்துக்கு இடமில்லை என்பதில் தொடங்கி நிபந்தனைகள் நிறைய. மூன்றாவது குடியிருப்பு ஆசை உள்ளவர்கள் ஆர்க்கிடெக்டிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

காகிதத்தில் உள்ளபடியே

நாங்கள் எடுத்த வழி இது. 1950-களின் சான்றைத் தொடவில்லை. அது சொல்கிற வீட்டுக்கு எங்கள் வீட்டைத் திருப்பிக் கொண்டுபோனோம்: கீழே தோட்டத்தை ஒட்டிய தளம் வாடகைக்கு, மேலே இரண்டு மாடியும் எங்களுக்கு, உச்சி மாடிச் சமையலறையை எடுத்துவிட்டு அங்கே படுக்கையறை, அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் ஆறு மாதம் தங்குவதற்கு.

சொல்வது சுலபம். அம்மா போனில் கேட்டாள், "மேல ஒரு சின்ன அடுப்பாவது வச்சுடு, ராத்திரி வெந்நீர் வைக்க ஒவ்வொரு தடவையும் இறங்கி வரணுமா?" நியாயமான கேள்வி. ஆர்க்கிடெக்ட் தலையை ஆட்டிவிட்டார். ஒரு வீட்டைத் தனிக் குடியிருப்பு ஆக்குவது சமையலறை, மேலே அடுப்பு வந்த அன்றைக்கு மூன்றாவது குடும்பம் திரும்ப வந்துவிட்டது என்றுதான் பார்ப்பார்கள். மின்கெட்டில் வாங்கி வைத்தோம். இதையே எதிர்ப்பக்கமாகவும் சொல்லலாம்: இரண்டு குடும்ப வீட்டில் நீங்கள் ஒரே குடும்பமாகத்தான் வாழப் போகிறீர்கள் என்றாலும் கீழ்ச் சமையலறையைப் பிடுங்கி எறியாதீர்கள். அதை விட்டு வைத்தால் காகிதமும் வீடும் ஒத்துப்போகும், பின்னால் வாடகைக்கு விடவும் விற்கவும் கை கொடுக்கும்.

வரைபடம் போடும் முன்பே ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. நிலவறைக் குழாய்களில், கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி, வெள்ளைத் துணிச்சுற்று இருந்தது. எனக்கு அது ஏதோ பழைய பெயின்ட் என்று எண்ணம். சான்று பெற்ற ஆய்வாளர் வந்து முழங்கைப் பக்கம் ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னப் பையில் போட்டு மூடியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஆஸ்பெஸ்டாஸ் வேலை இல்லை என்றால் 'ஏ.சி.பி.-5' என்ற படிவத்தில் அவர் கையெழுத்துப் போடுவார், அது இல்லாமல் அனுமதி நகராது. நீளத்தில் 25 அடிக்கு மேலோ பரப்பில் 10 சதுர அடிக்கு மேலோ அந்தப் பொருளைத் தொட வேண்டியிருந்தால் அது தனி ஆஸ்பெஸ்டாஸ் வேலை, தனி அறிவிப்பு, தனி ஆட்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இந்தச் செலவு ஆல்ட்-1-க்கும் ஆல்ட்-2-க்கும் ஒன்றுதான், ஒப்பீட்டில் யாருக்கும் மதிப்பெண் இல்லை.

அடுத்தது, வரைபடத்தைக் கட்டடத் துறையின் பரிசோதகரிடம் கொடுப்பதா, ஆர்க்கிடெக்டே விதிப்படி இருக்கிறது என்று உறுதி கூறிக் கையெழுத்திடுவதா. பின்னதில் அனுமதி வேகமாக வரும், ஆனால் சிலவற்றைப் பிறகு தணிக்கைக்கு எடுப்பார்கள், தவறு தெரிந்தால் அனுமதியையே திரும்பப் பெறலாம். சுவர் இடித்து நிற்கும்போது அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது? நாங்கள் பரிசோதகரிடமே போனோம். அவர் எழுப்பிய ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதித் திருத்திக் கொடுக்க ஏழு வாரம் ஆனது. சின்ன வேலை, நல்ல அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் என்றால் உறுதிமொழி வழியிலேயே போகலாம், தப்பில்லை.

முடிவுக் கட்டத்தில்தான் ஆல்ட்-2-வின் அருமை தெரியும். 1975-இன் 'டைரக்டிவ் 14' என்ற ஏற்பாட்டின்படி இந்த வகை வேலைக்குக் கடைசிக் கட்டுமான ஆய்வைத் துறை ஆய்வாளருக்குப் பதில் தகுதியுள்ள ஆர்க்கிடெக்டோ பொறியாளரோ செய்யலாம். பிளம்பிங், மின்சாரக் கையெழுத்துகள் தனியாக வர வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 'லெட்டர் ஆஃப் கம்ப்ளீஷன்'. புதுச் சான்று இல்லை, தாற்காலிகச் சான்று இல்லை, 90 நாள் இல்லை.

இதிலும் அடி வாங்கினோம். மேல்மாடிக் குளியலறையின் வடிகுழாயை வரைபடத்தில் உள்ள இடத்தில் இறக்கினால் உத்தரம் ஒன்றை வெட்ட வேண்டும் என்று கான்ட்ராக்டர், இது வேறு ஆள், அந்த டைல்ஸ்காரர் இல்லை, தானாகவே நான்கு அடி தள்ளி இறக்கிவிட்டார். அவர் சொன்னது சரிதான், உத்தரத்தை வெட்டியிருந்தால் இன்னும் மோசம். ஆனால் ஒரு போன் போட்டிருக்கலாம். அனுமதித்த வரைபடமும் குழாயும் ஒத்துப்போகாததால் திருத்த வரைபடம் போட்டு மறுபடி ஒப்புதல் வாங்கும் வரை அந்தச் சுவரை மூட முடியவில்லை, மூன்று வாரம். அன்றிலிருந்து அனுமதித்த வரைபடத்தின் ஒரு பிரதியை அந்தந்த அறைச் சுவரிலேயே ஒட்டி வைத்தேன்.

கேஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் கிழக்கு ஹார்லெமிலும் 2015-இல் ஈஸ்ட் வில்லேஜிலும் கேஸ் வெடித்து ஆட்கள் இறந்த பிறகு இந்த ஊரில் கேஸ் குழாயைத் தொடுவது விளையாட்டுக் காரியமில்லை. குழாய் வேலைக்காக கேஸை நிறுத்தினால், அழுத்தச் சோதனை, ஆய்வு, ஒப்புதல் எல்லாம் முடிந்துதான் திரும்ப வரும், அதுவரை வீட்டில் கேஸ் அடுப்பு இல்லை. மூன்றாவது மீட்டரின் குழாயை அடைக்க மட்டும் தொட்டோம், எங்கள் சமையலறைக்கு இண்டக்‌ஷன் போட்டுவிட்டோம். தோசை முதல் மாதம் ஓரம் வேகாமல் வந்தது, இப்போது பழகிவிட்டது.

மரபுப் பகுதியில் வீடு இருந்தால் இந்த ஒப்பீட்டின் மேல் இன்னொரு படி. எங்கள் தெரு தப்பியது, 1971-இல் அறிவிக்கப்பட்ட ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் மரபுப் பகுதியில் வீடு வாங்கிய ஒரு தெரிந்த குடும்பம் தப்பவில்லை. அங்கே உள்ளே மட்டும் செய்யும் வேலையானாலும், கட்டடத் துறை அனுமதி தேவைப்படுகிற வேலையென்றால், முதலில் மரபுச்சின்ன ஆணையத்திடம் 'வெளித்தோற்றத்துக்குப் பாதிப்பில்லை' என்று ஒரு சான்று வாங்க வேண்டும். அது ஆணையத்தின் ஊழியர் அளவிலேயே முடிந்துவிடும். முன்பக்க ஜன்னல், வாசல் படிக்கட்டு, முகப்புக் கல் என்று இறங்கினால், அங்கே ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் விதிகளுக்குள் உங்கள் யோசனை அடங்குகிறதா என்று பார்ப்பார்கள், அடங்காவிட்டால் பொது விசாரணைக்குப் போகும். அந்தக் குடும்பம் பணம் மிச்சமாகும் என்று பிளாஸ்டிக் ஜன்னலுக்கு விலை கேட்டு வைத்திருந்தார்கள். இப்போது மரச்சட்ட ஜன்னல் இருக்கிறது, பார்க்க நன்றாகவும் இருக்கிறது, விலையை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

எங்கள் வேலை அனுமதி வந்த நாளிலிருந்து பதினோரு மாதத்தில் முடிந்தது. முடிவுக் கடிதத்தை அச்சடித்து, அந்தக் கரைந்துபோன 1950-களின் சான்றின் பிரதியோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பிடிக் கட்டைக்கு மனைவியே உட்கார்ந்து எண்ணெய் பூசினாள். நிலவறையில் மீட்டர் இரண்டுதான், மூன்றாவது இருந்த இடத்தில் அடைத்த குழாய் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் பெல் மட்டும் இன்னும் மூன்று. அந்தப் பெயின்ட் அடித்ததை எடுக்கச் சொன்னால், அதன் வயர் சுவருக்குள் எங்கே போகிறதென்று தெரியவில்லை, எதற்கு வம்பு, இருக்கட்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.